36-க்கு 24 மீட்டரில் ஐந்து விளையாட்டு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அதில் தவறு இருந்தால் கீழே வருவதெல்லாம் வீண். மதுரைக்கு அருகில் அரசு உதவி பெறும் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். ஒரு மாடி வைத்த கட்டடம்; அதற்குக் கிழக்கே, கிழக்கு மேற்காக 36 மீட்டரும் வடக்கு தெற்காக 24 மீட்டரும் உள்ள காலி இடம். முன்னாள் மாணவர்கள் பணம் போடுகிறார்கள். கொட்டேஷன் கொடுத்த மூவரில் ஒருவர் செயற்கைப் புல் என்கிறார், ஒருவர் அக்ரிலிக் பூச்சு என்கிறார், மற்றவர் ஒன்றோடொன்று கோக்கிற பிளாஸ்டிக் ஓடு என்கிறார். மூவரும் ஒத்துப்போவது ஒரே விஷயத்தில்தான்: இடம் முழுவதையும் மூடிவிட வேண்டும். மூன்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், கூடைப்பந்து, கைப்பந்து, கபடி, கோ-கோ, வளையப்பந்து (டென்னிகாய்ட்) ஐந்தும் வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியர் சொல்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில் இருக்கிறது. இந்த இடத்தில் ஐந்தும் நடக்குமா என்றால், நான்கு நன்றாகவும் ஒன்று சுமாராகவும் நடக்கும். அதற்கு ஒரே நிபந்தனை, முழு இடத்தையும் மூடக்கூடாது.

நான் கட்டுமானப் பொறியாளர். இருபத்திரண்டு ஆண்டுகளில் பள்ளி, கல்லூரி ஆடுகளங்கள் நிறையப் போட்டிருக்கிறேன். முதல் சிலவற்றைத் தப்பாகவும் போட்டிருக்கிறேன். பயிற்சியாளர் இல்லை. ஆகவே தரை, தண்ணீர், அளவு, கம்பம் இவற்றில் உறுதியாகப் பேசுவேன். எந்தத் தரையில் எந்தப் பிள்ளையின் முழங்கால் எவ்வளவு தேயும் என்று கேட்டால் கொஞ்சம் தயங்குவேன்.

பள்ளிக்கூடத்துக்கு வரைபடம் போடும்போது நான் முதலில் கேட்பது, விளையாட்டு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்பதுதான். பெரும்பாலும் நாற்பது பேர், நாற்பது நிமிடம். முழு அளவுக் கூடைப்பந்துக் களத்தில் ஒரு நேரத்தில் ஆடுவது பத்துப் பேர். மீதி முப்பது பேர் சுவரோரம் உட்கார்ந்து கைதட்டுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மண்டலப் போட்டியை மனத்தில் வைத்துக் களம் அமைத்துவிட்டு, ஆண்டு முழுவதும் முக்கால்வாசி வகுப்பை உட்கார வைப்பதுதான் நம் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு பெரியது என்று சொல்வதில்லை. சென்னையில் மனையை 'கிரவுண்டு' கணக்கில் விற்கிறார்கள், ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. எத்தனை கிரவுண்டில் பள்ளி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லும் பல இடங்களில், பிள்ளைகள் ஓட ஒரு கிரவுண்டு இருக்காது. உங்களிடம் 864 சதுர மீட்டர் இருக்கிறது, கிட்டத்தட்ட நாலு கிரவுண்டு. நகரத்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் நீங்கள் பணக்காரர்.

இப்போது அளவுக்கு வருவோம். சர்வதேச விதிப்படி கூடைப்பந்துக் களம் 28-க்கு 15 மீட்டர். சுற்றிலும் தடையில்லாமல் இரண்டு மீட்டர். ஆக 32-க்கு 19. இதை உங்கள் இடத்தில் வைத்தால் பக்கவாட்டில் ஐந்து மீட்டரில் ஒரு நீளத் துண்டு மிஞ்சும். அதில் கபடி போட முடியாது, கோ-கோ போட முடியாது, சைக்கிள் நிறுத்தலாம். கபடிக்கு ஆண்களுக்கு 13-க்கு 10, பெண்களுக்கு 12-க்கு 8. கைப்பந்து 18-க்கு 9, சுற்றிலும் குறைந்தது மூன்று மீட்டர், ஆக 24-க்கு 15. இந்த 24 என்ற எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு உங்கள் இடத்தின் மேல் ஆசை வந்தது. உங்கள் வடக்கு தெற்கு நீளமும் அதுவே. கைப்பந்துக் களம் முழு அளவில், விதிப்படியான ஓரத்தோடு, வடக்கு தெற்காக அப்படியே உட்காரும். காலை, மாலை வெயில் எதிரே கண்ணில் அடிக்காமல் இருக்க எல்லாத் திறந்தவெளிக் களத்துக்கும் வடக்கு தெற்குதான் நல்லது என்பதால் அந்த வகையிலும் அதிர்ஷ்டம்.

ஆகவே நான் வரைவது இப்படி. கட்டடத்தை ஒட்டிய மேற்குப் பக்கத்தில் 18 மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் தளம். அதற்கடுத்து 4 மீட்டர் அகலத்தில் மரங்களும் மழைநீர்க் கால்வாயும் கொண்ட துண்டு. அதற்குக் கிழக்கே மிச்சமுள்ள 14 மீட்டர் மண் தரை. பதினெட்டு, நான்கு, பதினான்கு, கூட்டினால் 36. மூன்றுக்கும் நீளம் 24. கெட்டித் தளம் 432 சதுர மீட்டர்தான், உங்கள் மொத்த இடத்தில் சரிபாதி. கொட்டேஷன்களும் அந்த அளவுக்கு இறங்கும் என்பதால் ஒப்பந்தக்காரர்களுக்கு இந்த வரைபடம் பிடிக்காது.

கெட்டித் தளம் ஏன் கட்டடத்துப் பக்கம்? நிழலுக்காக. ஏழு மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் மாலை நாலு மணி வாக்கில் ஏறத்தாழ பத்து மீட்டர் கிழக்கே விழும். கடைசிப் பாடவேளையில் பாதிக் களம் நிழலில் இருக்கும். கான்கிரீட் மண்ணைவிடச் சுடும்; உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் ஷூவோடு வருகிறார்கள், எத்தனை பேர் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு ஆடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இதில் ஒரு குறை உண்டு: பந்து தட்டும் சத்தம் வகுப்பறைக்குள் வரும், ஜன்னல் கண்ணாடிக்கும் ஆபத்து. கண்ணாடிக்கு நைலான் வலை கட்டலாம். சத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

இந்த 24-க்கு 18 தளத்தில் கூடைப்பந்துக் களம் 20-க்கு 14 ஆகச் சுருங்கும். இங்கேதான் பலரும் ஒரு தப்புச் செய்கிறார்கள். வரைபடத்தை மொத்தமாக விகிதாசாரத்தில் சுருக்கிவிடுகிறார்கள். தடையற்ற எறிகோடு (ஃப்ரீ த்ரோ கோடு) உட்பட எல்லாமே சின்னதாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை வெளியே போட்டிக்குப் போய் நிற்கும்போது கை பழகிய தூரம் வேறு, அங்கே இருக்கும் தூரம் வேறு. வெட்ட வேண்டியது களத்தின் நடுப்பகுதியை மட்டும். பலகையிலிருந்து எறிகோட்டுக்கு 4.6 மீட்டர், மூன்று புள்ளி வளைவு 6.75 மீட்டர்; இவற்றில் கை வைக்காதீர்கள். அரைக்களம் பத்து மீட்டர் நீளம் இருப்பதால் வளைவின் உச்சி நடுக்கோட்டுக்கு முன்பே முடிந்துவிடும். பக்கவாட்டில் மட்டும் அது கொஞ்சம் நெருக்கப்படும். பள்ளிக்கு அது பரவாயில்லை. 3-க்கு 3 கூடைப்பந்து டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே நுழைந்துவிட்டது. ஒரு வளையத்தை வைத்து ஆறு பேர் ஆடும் அந்த ஆட்டத்துக்கு 15-க்கு 11 மீட்டர் போதும். உங்கள் இரண்டு அரைக்களங்களும் அதற்கு ஒரு மீட்டர் குறைவு, அவ்வளவுதான். ஒரு வளையத்தை 3.05 மீட்டரில் வையுங்கள். மற்றதை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மினி கூடைப்பந்து உயரமான 2.60 மீட்டருக்கு இறக்கி ஏற்றும்படி செய்யுங்கள்.

இன்னொரு தந்திரம் சொல்கிறேன். கைப்பந்து வலை களத்தின் குறுக்கே போகும். அதை மட்டும் நம்பினால் ஒரே ஆட்டம். நீளவாக்கில், ஒரு கூடைப்பந்துக் கம்பத்திலிருந்து எதிர்க்கம்பத்துக்கு ஒரு நீண்ட வலையைக் கட்டினால் குறுக்குவாக்கில் மூன்று சின்னக் களங்கள் கிடைத்துவிடும். வளையப்பந்து இரட்டையர் களம் 12.2-க்கு 5.5 மீட்டர், 20 மீட்டர் நீளத்தில் மூன்று களங்கள் நடுவில் நடமாட இடம் விட்டு அடங்கும். அவ்வளவு நீள வலை நடுவில் தொங்கும். பழைய லாரி டயரில் கான்கிரீட் நிரப்பி நட்ட குழாய் இரண்டை நடுவே நிறுத்தினால் தீர்ந்தது. அதே மூன்று களங்களில் நாலு பேருக்கு நாலு பேர் சின்னக் கைப்பந்து ஆடலாம், இருபத்து நாலு பேர். பக்கத்தில் மண் தரையில் ஏழுக்கு ஏழு கபடி, பதினாலு பேர். மொத்தம் முப்பத்தெட்டு. மீதி இரண்டு பேர்: ஒருவர் நடுவர், ஒருவர் புள்ளி எழுதுபவர். உங்கள் நாற்பது பேர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவர் யாருமில்லை.

கோடு போடுவதில் கட்டுப்பாடு வேண்டும். ஐந்து விளையாட்டுக்கும் ஐந்து வண்ணத்தில் முழுக் கோடு போட்ட களங்களைப் பார்த்திருக்கிறேன்; திருவிழாக் கோலம் மாதிரி அழகாக இருக்கும், எது எல்லை என்று ஆடுகிற பிள்ளைக்குத் தெரியாது. முழுக் கோடு இரண்டு ஆட்டத்துக்கு மட்டும். கூடைப்பந்துக்கு வெள்ளை, கைப்பந்துக்கு மஞ்சள். இவற்றின் கடைக்கோடுகள் ஒரு மீட்டர் இடைவெளியில்தான் போகும் என்பதால் நிறம் நன்றாக வேறுபட வேண்டும். சிவப்பும் பச்சையும் பக்கம் பக்கமாக வேண்டாம், நிறக்குறைபாடுள்ள பையன்கள் எந்த வகுப்பிலும் ஒருவராவது இருக்கக்கூடும். வளையப்பந்துக்கு மூலைகளில் மட்டும் சின்னதாக ஒரு முழங்கை அடையாளம் போதும். தேவைப்படும் நாளில் சாக்பீஸால் சேர்த்துக்கொள்ளலாம்.

மண் தரையைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அதில் யாருக்கும் லாபமில்லை. கபடி நம் மாநில விளையாட்டு. பாடி வருபவரின் காலைப் பிடித்துக் கீழே சாய்ப்பதுதான் அதன் உயிர். அதைக் கான்கிரீட் மேலோ அக்ரிலிக் மேலோ ஆடச் சொல்வது குற்றம் என்றே சொல்வேன். மேட் விரிக்கலாம், ஆனால் 130 சதுர மீட்டர் மேட்டைத் தினமும் எடுத்து, விரித்து, அடுக்கி, எலியிடமிருந்து காப்பாற்றுவது யார்? பழைய கபடி விதிப்புத்தகத்தில் களம் மண், எரு, மரத்தூள் கலந்து மிருதுவாக இருக்க வேண்டும் என்று இருக்கும். எருவை நான் விட்டுவிடுகிறேன், சிராய்ப்பில் சேர்ந்தால் நல்லதல்ல. ஒரு அடி தோண்டி, கல்லையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்கி, சலித்த செம்மண்ணோடு ஆற்று மணலோ எம்-சாண்டோ கலந்து, கொஞ்சம் மரத்தூள் சேர்த்து, தண்ணீர் தெளித்து லேசாக உருட்டினால் போதும். மணல் எவ்வளவு என்பது உங்கள் ஊர்ச் செம்மண்ணின் களித்தன்மையைப் பொறுத்தது. இரண்டு சதுர மீட்டரில் கலந்து பார்த்து, காய்ந்தபின் காலால் தேய்த்துப் பாருங்கள். பாறையாக இறுகினால் மணல் போதவில்லை, புழுதி பறந்தால் மணல் அதிகம்.

14-க்கு 24 மண்ணில் 13-க்கு 10 கபடிக் களம் நீளவாக்கில் வசதியாக அமையும். பக்கங்களில் இரண்டு இரண்டு மீட்டர் கிடைக்கும். கோ-கோவுக்குத்தான் முழு அளவு 27-க்கு 16 என்பதால் இடிக்கிறது. கழற்றி மாட்டும் கம்பங்கள் வைத்து, கட்டங்களின் இடைவெளியைக் குறைத்துப் பயிற்சிக்கு ஒரு களம் போடலாம். போட்டி நடத்த முடியாது. நான் ஆரம்பத்தில் 'சுமார்' என்று சொன்னது இதைத்தான். கோ-கோ உங்கள் பள்ளியின் பெயர் சொல்லும் ஆட்டம் என்றால் என் வரைபடத்தையே மாற்ற வேண்டும். அப்போது கெட்டித் தளத்தை இன்னும் சுருக்கச் சொல்வேன்.

இனி கான்கிரீட். இதில்தான் பணமும் போகும், பிழையும் நடக்கும். மேலே போடும் பூச்சைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர் அடியில் இருக்கும் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் அவரை அனுப்பிவிடுங்கள். மே மாதத்தில் உங்கள் இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிறதா? விட்டால் அது கரிசல். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், மேலே என்ன போட்டாலும் உடைக்கும். அதை எடுத்துவிட்டு கிராவல் நிரப்ப வேண்டும்; எவ்வளவு ஆழம் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும், நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து நான் சொல்லக்கூடாது. செம்மண் என்றால் கவலை குறைவு. பழைய கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பிய இடம் என்றால் கரிசலைவிட மோசம். பள்ளியின் பழைய காவலாளியிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

தரையைச் செதுக்கி, பதினைந்து சென்டிமீட்டர் அடுக்குகளாகக் கிராவல் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் வைப்ரேட்டர் ரோலரால் இறுக்கி, அதன்மேல் தடித்த பாலித்தீன் விரித்து, எம்-25 என்ற வலுத்தரமுள்ள கலவையில் 125 மில்லிமீட்டர் தளம். பாலித்தீனை வீண் செலவு என்று மேஸ்திரி சொல்வார். அது இல்லாவிட்டால் பூமியின் ஈரம் மேலேறி, நாளைக்கு நீங்கள் பூசப்போகும் அக்ரிலிக்கை அப்பளம் மாதிரிக் கொப்பளிக்க வைக்கும். கான்கிரீட் மொத்தம் 54 கன மீட்டர். ஆறு கன மீட்டர் லாரி என்றால் ஒன்பது நடை. 3-க்கு 3 மீட்டர் கட்டமாக இணைப்புக் கோடு அறுக்க வேண்டும். 24-க்கும் 18-க்கும் மூன்று சரியாக வகுபடுவதால் 48 கட்டங்கள், வெட்டுத்துண்டு எதுவும் மிஞ்சாது. அறுப்பதை ஊற்றிய இரவோ மறுநாள் விடியலிலோ முடித்துவிட வேண்டும், ஆழம் தளத்தின் கனத்தில் குறைந்தது கால் பங்கு. நம் வெயிலில் ஒரு நாள் தாமதித்தால் கான்கிரீட் தானே தனக்குப் பிடித்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளும். ஈரம் காக்க ரசாயனம் தெளிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அக்ரிலிக் அதன்மேல் ஒட்டாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதுதான் சரி. மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி இழைக்கவும் விடாதீர்கள். துடைப்பத்தால் லேசாகக் கீறிய முகம் வேண்டும்.

தண்ணீர் வடிய வாட்டம், அதாவது சரிவு, கொடுப்பதில் விதிப்புத்தகங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. திறந்தவெளிக் கைப்பந்துக்கு வடிகாலுக்காக மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் வாட்டத்தை விதி அனுமதிக்கிறது. டென்னிஸ் களம் போடுகிறவர்கள் 120-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை கேட்பார்கள், அதாவது மீட்டருக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர். நான் தெரிந்தே கைப்பந்து விதியை மீறி 120-க்கு 1 கொடுக்கிறேன். மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் என்பது கைதேர்ந்த ஆட்கள் லேசர் மட்டம் வைத்துச் செய்தால் நிற்கும்; கயிறும் ரசமட்டமும் வைத்து நடக்கும் பள்ளி வேலையில் அங்கங்கே குட்டை கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஒவ்வொரு குட்டையும் பாசி பிடிக்கும், பாசியில் பிள்ளை வழுக்கும். வாட்டம் ஒரே திசையில், மேற்கிலிருந்து கிழக்கே, மரங்கள் உள்ள துண்டை நோக்கி இருக்கட்டும். 18 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம். நடுவை உயர்த்தி இருபுறமும் சரிக்கும் 'ஆமை முதுகு' வேண்டாம், பந்து எப்போதும் ஓரத்துக்கே ஓடும். ஒரே சரிவாக இருந்தால் வடக்கு, தெற்கு இரண்டு வளையங்களும் ஒரே மட்டத்தில் நிற்கும். மண் தரையும் அதே துண்டை நோக்கி எதிர்த்திசையில் லேசாகச் சரியட்டும். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கான்கிரீட்டில் மட்டும் 21,600 லிட்டர் விழும், கிட்டத்தட்ட இரண்டு தண்ணீர் லாரி. அதைச் சாக்கடைக்கு அனுப்புவதா, உறிஞ்சு குழி வெட்டி உங்கள் போர்வெல்லுக்குக் கொடுப்பதா என்பதை நீங்களே யோசியுங்கள். அந்தத் துண்டில் புங்கையும் வேம்பும் வைக்கலாம், தளத்தின் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி. ஆலும் அரசும் கூடவே கூடாது.

உங்கள் மூன்று கொட்டேஷன்களுக்கு இப்போது பதில் சொல்லலாம். செயற்கைப் புல் உங்களுக்கு வேண்டாம். கூடைப்பந்து அதில் எழும்பாது. வெயில் நேரத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உள்ளே நிரப்பும் ரப்பர் குருணை நுண்பிளாஸ்டிக் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி போட்டு, 2031-க்குள் அதன் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டது. வாடகைக்கு விடும் கால்பந்துத் திடல்காரர்களுக்கு அது சரிப்படலாம். பிளாஸ்டிக் ஓடு கெட்டதல்ல. சர்வதேச 3-க்கு 3 போட்டிகள் அதில்தான் நடக்கின்றன, உடைந்த ஓட்டை மட்டும் மாற்றலாம், தண்ணீர் இடுக்கில் இறங்கிவிடும். ஆனால் அதற்கும் அடியில் இதே கான்கிரீட் வேண்டும், நம் ஊரில் இடுக்குக்குள் மண் சேர்ந்து எறும்பு குடியேறும். அக்ரிலிக்தான் உங்கள் தேவைக்குப் பொருந்தும், ஆனால் உடனே அல்ல. கான்கிரீட் 28 நாள் ஆறியபின்தான் அதைப் பூச வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது; நான் ஒரு மழைக்காலமே பொறுக்கச் சொல்கிறேன். முதல் ஆண்டு வெறும் கான்கிரீட்டில் கோடு மட்டும் போட்டு ஆடட்டும். விழுந்தால் சிராய்க்கும், அது உண்மை, அக்ரிலிக்கிலும் சிராய்க்கும். பேவர் பிளாக் பதிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். நடக்கலாம், ஆடக்கூடாது.

அக்ரிலிக்குக்கு அடியில் ரப்பர் மெத்தை அடுக்குகள் போட்டால் மூட்டுக்கு நல்லது என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். மென்மையாக இருக்கும் என்பது நிச்சயம். வாரத்தில் இரண்டு பாடவேளை ஆடும் பிள்ளைக்கு அந்தச் செலவுக்கேற்ற பலன் உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம். பூச்சு எத்தனை ஆண்டு வரும் என்பதற்கும் விற்பவர் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள். நான் பூசியவற்றில் ஐந்தாறு ஆண்டில் நிறம் போய் மறுபூச்சு கேட்டவையே அதிகம், மாலையில் வெளியாட்களுக்குத் திறந்துவிட்ட இடத்தில் அதற்கும் முன்னால்.

கம்பங்களை மறந்துவிடாதீர்கள், இது அனுபவித்துச் சொல்வது. என் ஆரம்ப நாள் வேலை ஒன்றில், இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கூடைப்பந்துக் கம்பத்தைக் கடைக்கோட்டிலிருந்து ஒரு மீட்டரில் நட்டுவிட்டேன். ஓடிவந்து பந்தை வளையத்தில் வைத்த பையன் ஒருவன் வேகம் அடங்காமல் நெற்றியைக் கொடுத்தான், ஏழு தையல். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பலகை களத்துக்குள் 1.2 மீட்டர் நீட்டியிருக்க வேண்டும், கம்பம் கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஆக கை நீளம் 3.2 மீட்டர். வெல்டிங் பட்டறையில் குட்டைக் கையோடு மலிவாகச் செய்து தருவார்கள், வாங்காதீர்கள். ஆள் உயரத்துக்கு நுரை மெத்தை சுற்றுங்கள். கைப்பந்துக் கம்பங்கள் பக்கக்கோட்டுக்கு ஒரு மீட்டர் வெளியே வரும். அந்த இடம் உங்கள் கூடைப்பந்துக் களத்துக்கு உள்ளே இருக்கிறது. ஆகவே அவை கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். தளத்தில் பதித்த குழாய்க்குத் தரையோடு தரையாக மூடி வேண்டும். இந்தக் குழாய்களைக் கான்கிரீட் ஊற்றும் முன் பதிக்க வேண்டும். ஊற்றியபின் ஞாபகம் வந்து தளத்தை உடைத்த பள்ளிகளை எண்ணிச் சொல்ல என் இரண்டு கைவிரல்கள் போதாது.

அதே நேரத்தில் இன்னொன்றையும் பதித்துவிடுங்கள்: ஆண்டு விழாப் பந்தலுக்குக் குழாய்கள். தளத்தின் நான்கு ஓரமும் மூன்று மீட்டருக்கு ஒன்று. இது எந்த விளையாட்டுப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் பள்ளி ஆடுகளங்களை ஆட்டம் கெடுத்ததைவிட, பந்தல்காரர் அடித்த இரும்பு ஆப்பும் ஓரமாக நிறுத்திய பள்ளி வேனும் கெடுத்ததே அதிகம். கொடிக்கம்பம் இப்போது நடுவில் இருந்தால் மரங்கள் உள்ள துண்டுக்கு மாற்றுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முந்நூறு பிள்ளைகளும் கான்கிரீட்டில் தாராளமாக நிற்பார்கள்.

கால அட்டவணை கேட்டிருந்தீர்கள். ஏப்ரல் கடைசியில் மண்வேலை, மே நடுவில் கான்கிரீட், ஜூன் முழுவதும் யாரையும் ஏறவிடாமல் வைத்திருந்தால் ஜூலையில் ஆடலாம். மண் களத்தை அந்த ஜூனிலேயே திறந்துவிடுங்கள், பிள்ளைகள் வேலி தாண்டிக் கான்கிரீட்டில் ஏறாமல் இருக்க அதுதான் வழி. பருவமழையில் நல்ல மழை ஒன்று விட்ட ஒரு மணி நேரத்துக்குப் பின் உடற்கல்வி ஆசிரியரும் நாலு பிள்ளைகளும் ஒரு ரூபாய் நாணயத்தோடு தளத்தில் நடக்கட்டும். தேங்கிய இடத்தில் நாணயத்தைப் படுக்கவைத்து, அது முழுகினால் சுற்றிலும் சாக்பீஸ் வட்டம் போடுங்கள். ஈரம் போகும்முன் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களோடுதான் அக்ரிலிக்காரரை ஜனவரியில் கூப்பிட வேண்டும். வட்டங்களை முதலில் நிரப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பவருக்கு வேலையைக் கொடுங்கள்.